ஏரிக்கரையிலிருந்து வந்த சைக்கிள்கள்

அவளுக்கு ஒரு பெயர் இருந்ததையே அந்தத் தெரு மறந்துவிட்டது. பெரியவர்களுக்கும் வேன்காரக்காதான், பிள்ளைகளுக்கும் வேன்காரக்காதான். தண்ணீர் மீட்டர் பார்க்க வந்த ஆள் ஒரு நாள் முழுப் பெயரைச் சொல்லி விசாரித்தபோது, எதிர்வீட்டுக்காரி, "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று கையை விரித்து அனுப்பிவிட்டாள். சாயங்காலம் அதைச் சொல்லிச் சொல்லி இரண்டு பேரும் வாசலில் நின்று சிரித்தார்கள்.

பள்ளிக்கூட வேன் ஓட்டுவதுதான் அவள் பிழைப்பு. வேன் சொந்த வேன். காலையில் ஒரு தடவை ஹாரன் அடித்தால் பிள்ளை வாசலில் நிற்க வேண்டும். இரண்டாவது தடவை அடிக்க வைத்தால் பிள்ளையின் அம்மா ஓடிவந்து சமாதானம் சொல்ல வேண்டும். மூன்றாவது ஹாரன் என்ற பேச்சே கிடையாது. வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் அவள் வேனில் ஏறிய பிள்ளை ஒன்றுகூட இதுவரை கீறல் பட்டு இறங்கியதில்லை என்பதால் அந்த வாயைத் தெரு பொறுத்துக்கொண்டது.

அவளுக்கென்று இருந்தது ஒரு தம்பி மட்டும். அம்மா காய்ச்சலில் போய்ச் சேர்ந்த வருஷம் அவன் சுவரைப் பிடித்து நடந்துகொண்டிருந்தான், இவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு அச்சகத்தில் வேலை. விரல் நகத்தில் மையும் வாயில் மௌனமுமாக வீட்டுக்கு வருவார், சாப்பிடுவார், படுத்துவிடுவார். ஆக, தம்பிக்குச் சோறு ஊட்டியது, காது திருகியது, சளி பிடித்தால் முதுகைத் தேய்த்துவிட்டது எல்லாம் அக்காதான். படிப்பு பாதியில் நின்றது. பேக்கரி வேன் ஓட்டக் கற்றுக்கொண்டாள். அதிலிருந்து பள்ளிக்கூட வேன். கல்யாணப் பேச்சும் வராமல் இல்லை. தம்பி கொஞ்சம் தலையெடுக்கட்டும், அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வரட்டும் என்று தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, கடைசியில் அப்பாவும் திரும்பி வரவில்லை, தள்ளிப்போடுவதற்கும் எதுவும் வராமல் போயிற்று. அதைப் பற்றி அவள் பெரிதாகப் புலம்பியதில்லை. "எனக்கு தினமும் ஒரு வேன் நிறையப் பிள்ளைங்க, சாயங்காலமானா ஒண்ணுகூட இல்ல, யாருக்கு இந்த வசதி?" என்பாள்.

தம்பிக்குச் சின்ன வயதிலேயே சைக்கிள் பைத்தியம். பழைய இரும்புக் கடையில் கிடந்த சட்டம் ஒன்று, வேறெங்கோ கிடைத்த சக்கரம் ஒன்று என்று சேர்த்து முதல் சைக்கிளை அவனே பூட்டினான். அதில் பிரேக் மட்டும் கடைசிவரை வரவில்லை. வளர்ந்த பிறகு, வேனில் வரும் பிள்ளை ஒன்றின் அப்பாவைப் பிடித்து, ஒரு கிடங்கில் அவனுக்குக் கணக்கப்பிள்ளை வேலை வாங்கிக் கொடுத்தாள் அக்கா. ஒரு வாரம் போனான். அடுத்த வாரம், "ஜன்னலே இல்லாத ரூம்ல நான் உக்காரமாட்டேன்க்கா" என்று வந்து நின்றான். இருவருக்கும் வாய்ச்சண்டை. அந்த மழைக்காலம் முடிவதற்குள் அவன் மூட்டை கட்டிவிட்டான். வெகுதூரத்தில் மலை ஓரமாக ஒரு ஏரி, சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் கூடும் இடம், அங்கே சைக்கிளை வாடகைக்கு விட்டுப் பிழைக்கப் போகிறேன் என்று கிளம்பினான்.

பிழைத்தும் காட்டினான். ஏரியைச் சுற்றி ஒரு பாதை. அதில் விடுமுறைக்கு வருகிற குடும்பங்கள், புதிதாகக் கல்யாணமானவர்கள், தொப்பையைக் குறைக்க வந்தவர்கள் எல்லோரும் அவன் சைக்கிளில்தான் சுற்றினார்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும். "நல்லா இருக்கேன்க்கா." வருஷக்கணக்காக அதே வார்த்தை, அதே குரல். அவளும் அதை நம்பிக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் போன் செய்தது தம்பி இல்லை. பக்கத்துக் கடையில் படகு டிக்கெட் கொடுக்கும் அம்மா.

"நீங்கதான் அவரோட அக்காவா? தப்பா நினைக்காதீங்கம்மா. நேத்து உங்க தம்பி என் பெஞ்சைப் பாத்து, 'வாங்க சார், எந்த சைக்கிள் வேணும்'னு சிரிச்சுக்கிட்டே கேட்டாரு. பெஞ்சுல யாருமே இல்லம்மா. என் குடைதான் விரிஞ்சு காஞ்சுக்கிட்டு இருந்துச்சு."

பரீட்சை முடிந்து பள்ளி விடுமுறை விட்டிருந்தது. மறுநாள் விடிகாலையிலேயே வேன்காரக்கா வேனை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

தம்பி கடை வாசலில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். வேன் சத்தத்தைக் கேட்டதுமே எழுந்துவிட்டான். "அந்த செகண்ட் கியரை இன்னும் நீ சரி பண்ணலையா?" என்றான். அவள் எதிரில் போய் நின்றாள். அவன் பார்வை அவள் தோளுக்கு மேலே எங்கோ போய் நின்றது. ஆள் பாதியாகியிருந்தான். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தான். அவள் ஒன்றும் பேசாமல் அதைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள். அவனும் சின்னப் பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தான்.

சர்க்கரை வியாதி. வந்து பல வருஷமாயிற்று. மாத்திரையை நினைத்தால் போடுவான், மறந்தால் விடுவான். கண் மங்கியபோது கண்ணாடி மாற்றினான். அதற்கும் மங்கியபோது வெயிலைக் குறை சொன்னான். அக்கா அவனைக் கூட்டிப்போய்க் காட்டிய கண் டாக்டர் பெண் பொறுமையாகத்தான் எடுத்துச் சொன்னாள். கண்ணின் பின்பக்கத்து ரத்தக் குழாயெல்லாம் கசிந்து பாழாகிவிட்டது. ஒரு கண்ணில் ஒன்றுமே இல்லை, மற்றதில் வெளிச்சமும் நிழலும் தெரியும், அதுவும் எவ்வளவு நாளைக்கு என்று சொல்ல முடியாது. முன்னாடியே வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம்.

வெளியே வந்ததும் தம்பி, "வாழ்க்கை முழுக்கச் சக்கரத்தை நம்பினேன்க்கா. கடைசியில சர்க்கரை வந்து சேந்துச்சு பாரு" என்றான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் அவனுக்குக் கேட்கும்படி ஒரு சிரிப்பைச் சிரித்து வைத்தாள். அப்போது தொடங்கியது அந்தப் பழக்கம்.

"கிளம்பு, வீட்டுக்குப் போகலாம்" என்றாள்.

"சைக்கிளை விட்டுட்டு வரமாட்டேன்."

"இருபது சைக்கிளையும் தலையில வச்சா தூக்கிட்டுப் போறது? இங்கேயே வித்துட்டு வாடா."

"கேட்டுப் பாத்தாச்சு. இரும்பு விலைக்குக் கேக்குறான். எடைக்கு எடை. நான் என்ன செத்தா போயிட்டேன், சாமானை எடைக்குப் போடறதுக்கு?"

அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவன் ஒற்றைக் காலில் நின்றான். அங்கே போய்க் கடை போடுவேன், பஞ்சர் பார்ப்பதற்கு எதற்குக் கண், விரல் போதாதா என்றான். ஏரியில்லாத ஊரில் யாரடா சைக்கிளை வாடகைக்கு எடுப்பான் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டாள். கண் போனவனிடம் போய் அதையும் சொல்வானேன் என்று நினைத்தாள்.

வீட்டுச் சாமான், படகு எல்லாம் இழுத்துப் போவதற்கு டிரெய்லர் வாடகைக்கு விடும் ஒரு கொட்டகை ஊர்க் கோடியில் இருந்தது. கொண்டுபோய் அக்காவின் ஊரில் உள்ள கிளையிலேயே விட்டுவிடலாம் என்றார்கள். கொட்டகைக்காரர் வேனின் பின்னால் கொக்கியைப் பூட்டினார், சங்கிலியை மாட்டினார், விளக்கு ஒயரைச் செருகிக் காட்டினார்.

"நேரா போற வரைக்கும் பின்னாடி ஒண்ணு வருதுங்கறதே தெரியாதும்மா. ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் எல்லாமே தலைகீழ். டிரெய்லர் வலது பக்கம் போகணும்னா ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடிக்கணும்."

"நான் நேத்து வண்டி ஓட்டப் படிச்சவ இல்ல" என்று அவள் வெடுக்கென்று சொல்லிவிட்டு, அவர் கண் முன்னாலேயே ரிவர்ஸ் எடுத்து வேலியில் கொண்டுபோய் முட்டினாள். அவர் போய் வேலிக் கம்பத்தை நிமிர்த்தினார். ஊர் போய்ச் சேரும்வரை பின்னால் போவதே இல்லை என்று அங்கேயே முடிவு செய்துகொண்டாள்.

சைக்கிள்களை ஏற்றியது தம்பிதான். யாரையும் தொடவிடவில்லை. அவனிடம் சைக்கிளுக்கு நம்பர் கிடையாது, பட்டப்பெயர்தான். பிரேக் பிடித்தால் கத்துவது 'அழுமூஞ்சி'. புதுசாகப் பளபளவென்று இருந்து ஒரு மேட்டைக்கூட ஏறாதது 'மாப்பிள்ளை'. எல்லாவற்றிலும் பழையது 'பெரியவர்'. ஒவ்வொன்றையும் சீட்டைத் தொட்டதும் பெயர் சொல்லி அழைத்து, ஹேண்டில்பாரை மடக்கித் திருப்பி, ஒன்றின் தலை மற்றதன் வாலுக்கு வருமாறு அடுக்கினான். பெடல் அடுத்ததன் கம்பியில் மாட்டாமல் இருக்க நடுவே பழைய போர்வைகளைத் திணித்தான். இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து மிதிக்கிற நீளச் சைக்கிள் ஒன்று இருந்தது. அதற்குப் பெயர் 'தம்பதி'. அது மட்டும் உள்ளே அடங்கவில்லை. டிரெய்லரின் பின்கதவுக்கு வெளியே குறுக்காக வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினான். படகு டிக்கெட் அம்மா வழிக்கு பிஸ்கட் பொட்டலம் கொடுத்துவிட்டு, அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லபடியா ஆகி சீக்கிரம் வந்துடுங்க" என்றாள். அவன், "வராம எங்க போகப் போறேன்" என்றான். மூன்று பேருக்குமே உண்மை தெரிந்திருந்தது.

வேன் மலையை விட்டு இறங்கியது. டிரெய்லர் கனம் பின்னாலிருந்து தள்ளியது. வளைவுக்கு வளைவு அவள் கியரைக் குறைத்தாள். தம்பி பிள்ளைகள் உட்காரும் முன் சீட்டில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"என்ன தெரியுது?" என்றான், சமவெளிக்கு வந்ததும்.

"ரோடு."

"ரோட்டுல?"

"முன்னாடி ஒரு லாரி."

"அதுக்கு அப்புறம்?"

"மரம்."

"என்ன மரம்?"

"மரம்தான்டா. பச்சையா இருக்கு."

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். "இருபது வருஷமா வண்டி ஓட்டுறியே, ஒரு நாளாச்சும் பக்கவாட்டுல திரும்பிப் பாத்திருக்கியா?"

"பக்கவாட்டுல பாத்திருந்தா இருபது வருஷம் ஓட்டியிருக்க முடியாது."

ஆனாலும் அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு கண்ணில் பட்டதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். சுவரில்லாமல் கூரை மட்டும் நிற்கும் ஒரு கட்டடம். பாலத்தின் மேல் நின்று கீழே போகும் வண்டிகளை எண்ணுகிற மாதிரி விரலை நீட்டிக்கொண்டிருந்த ஒரு பெண். வயலில் தண்ணீர் தேங்கி அதில் பாதி மேகம் கிடந்தது. தம்பி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டே வந்தான். இடையிடையே அவன், "அதோ வலது பக்கம் ஏதோ பெருசா வருதே, மலைதானே?" என்பான். அது வெறும் விளம்பரப் பலகையின் நிழலாக இருக்கும். "ஆமாடா, மலைதான்" என்பாள் அவள். இரண்டு, மூன்று தடவை இப்படி இல்லாத மலையையும் இல்லாத ஊரையும் ஆமாம் போட்டுக் கடந்தாள். ஒவ்வொரு தடவையும் அவன் முகத்தில் ஒரு திருப்தி வந்தது. போகட்டும், இதில் என்ன குறைந்துவிடப் போகிறது என்றிருந்தது அவளுக்கு.

பொழுது சாய்ந்ததும் நெடுஞ்சாலை ஓரத்து லாட்ஜ் ஒன்றில் தங்கினார்கள். ரிவர்ஸ் எடுக்கத் தேவைப்படாதபடி முன்பக்கம் வழி திறந்திருக்கிற இடமாகப் பார்த்துத்தான் நிறுத்தினாள். அறையில் இரண்டு கட்டில், நடுவே ஒரு மேஜை. கட்டிலிலிருந்து குளியலறைக் கதவு எங்கே இருக்கிறது என்று கையைப் பிடித்துக் காட்டினாள். "விடுக்கா, நான் பாத்துக்கறேன்" என்று அவன் சொன்ன 'பாத்துக்கறேன்' இருவர் காதிலும் கொஞ்ச நேரம் நின்றது.

காலையில் கிளம்ப வந்தபோதுதான் வினை. வேனுக்கு முன்னால், திறந்திருந்த வழியை அடைத்துக்கொண்டு ஒரு ரொட்டி லாரி நின்றது. லாரியிலிருந்து தட்டுத்தட்டாக இறக்கிச் சமையலறைக்குள் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். லாரிக்காரர் தூரத்திலிருந்து கையை ஆட்டினார். "கொஞ்சம் நேரமாகும்மா! பின்னாடி எடுத்துப் போயிடுங்க, இடம் நிறைய இருக்கு!"

காத்திருந்திருக்கலாம். ஆனால் தம்பி அதற்குள் கதவைத் திறந்து இறங்கிவிட்டான்.

"நீ ஏறு, நான் பாத்துச் சொல்றேன்."

அவள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், அவன் வேனைத் தடவிக்கொண்டே போய், டிரெய்லரின் பக்கவாட்டில் நின்று, தகட்டில் உள்ளங்கையால் தட்டினான். ஏரிக்கரையில் சுற்றுலா பஸ்களுக்குக் கை காட்டி நிறுத்த வைத்தே பழகியவன். அந்த நிற்பு, அந்தத் தட்டு, எல்லாம் பழைய ஆளேதான். "வா... வா... வரலாம்... ஒடிச்சு வா..."

அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். இடதா வலதா என்று மனதுக்குள் தலைகீழாகப் போட்டுப் பார்த்துக்கொண்டே மெதுவாகப் பின்னால் நகர்த்தினாள். பக்கக் கண்ணாடியில் தம்பி தெரிந்தான். வெயில் முகத்தில் அடிக்க, நிமிர்ந்து நின்று, கையை வீசி வீசி அழைத்துக்கொண்டிருந்தான். அதே கண்ணாடியின் ஓரத்தில் லாட்ஜின் சிமெண்டுத் தூணும் தெரிந்தது. அது டிரெய்லரின் வாலை நோக்கி வந்துகொண்டிருந்தது. தூண் வருவதை அவள் பார்த்தாள். நிறுத்தலாம். 'தள்ளுடா, தூண் இருக்கு' என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் அவன் முகத்தைப் பார்த்தாள். ஏரிக்கரைக்கு அவள் போய் இறங்கியதிலிருந்து அந்த முகம் அப்படி இருந்ததில்லை. ஒரு கை அகலம் இடம் இருக்கும், தப்பிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"வா வா, இடம் இருக்கு, வா..."

நறுக்கென்று ஒரு சத்தம். அதன் மேலேயே கம்பிகள் ஒவ்வொன்றாகத் தெறிக்கும் சத்தம்.

அவள் இறங்கி ஓடினாள். தம்பி ஏற்கனவே பின்பக்கம் போயிருந்தான். தூணுக்கும் டிரெய்லருக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்ததை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். ரிம் எட்டுப் போட்ட மாதிரி வளைந்திருந்தது. நடுச் சட்டம் பிளந்திருந்தது.

"தம்பதிதானே?"

"ஆமா."

பிளந்த சட்டத்திலிருந்து கையை எடுத்தான். பிறகு, "அக்கா, கண்ணாடியில தூண் தெரிஞ்சுதா?" என்றான்.

தெறித்துக் கிடந்த ஒரு கம்பியை அவள் குனிந்து எடுத்தாள்.

"தெரிஞ்சுதான்னு கேட்டேன்."

"தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் வந்த?"

"நீதான் வா வான்னியே."

"நான் சொல்லுவேன். எனக்குத்தான் கண்ணு தெரியாதே. தெரியற நீ ஏன் கேட்ட?" தூணைக் கையால் ஓங்கித் தட்டினான். "பாவம்னு நினைச்ச, இல்ல? நேத்து சொன்ன மலையும் அப்படித்தானா? அங்க மலை இருந்துச்சா இல்லையா?"

"இல்ல."

"ஏரிக்கரையில எல்லாரும் இதத்தான் பண்ணாங்கக்கா. வாடகைக்கு எடுத்தவன் அழுமூஞ்சியைக் கொண்டு வந்து நிறுத்திட்டு மாப்பிள்ளைன்னு சொல்லுவான். நானும் தொடாமலே ஆமான்னு தலையாட்டுவேன். பக்கத்துல நிக்கறவங்களும் ஆமான்னு தலையாட்டுவாங்க. ஒருத்தரும் வாயத் திறந்து 'உனக்குக் கண்ணு போச்சுடா'ன்னு சொல்லல. நீ வந்தா என்னைத் திட்டுவன்னு இருந்தேன். நீயும் வந்து சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்ட."

அப்போதுதான் வேன்காரக்காவுக்கு அடக்கி வைத்திருந்ததெல்லாம் பீறிட்டுக்கொண்டு வந்தது. பாதையில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினாள்.

"ஏண்டா, புத்தி இருக்கா உனக்கு? கண்ணு தெரியாதவன் வண்டிக்குப் பின்னாடி போய் நிக்கலாமா? சக்கரம் கால்ல ஏறியிருந்தா யாருடா பதில் சொல்றது? ஒரு மாத்திரையை ஒழுங்கா முழுங்க முடியல, வாரா வாரம் நல்லா இருக்கேன் நல்லா இருக்கேன்னு எங்கிட்ட புளுகத் தெரிஞ்சுது! நல்லா இருக்கற லட்சணமா இது? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஓடி வந்திருக்கமாட்டேனா? உன்னைத் தூக்கி வளத்ததுக்கு இதாடா எனக்கு மிச்சம்?"

திட்டத் திட்ட அழுகையும் கூடவே வந்தது. தம்பி தூணைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். அவன் கன்னத்திலும் கண்ணீர் வழிந்தது. பார்க்கத்தான் அந்தக் கண்களால் முடியவில்லை. அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது, "இன்னும் இருக்கா?" என்றான்.

"இருக்கு. அப்புறம் வச்சுக்கறேன்."

ரொட்டி லாரிக்காரர் கையில் காலித் தட்டோடு நடுவழியில் நின்றிருந்தார். "நான் எடுத்துக் குடுக்கட்டுமாம்மா?" என்று கேட்டார். வேனில் ஏறி ஒரே மடக்கில் டிரெய்லரை நேராக்கித் தெருவில் நிறுத்திக் கொடுத்தார். உடைந்த தம்பதியை மூன்று பேருமாகச் சேர்ந்து, பிளந்த இடத்தில் மடக்கி, மற்றவற்றின் மேல் படுக்க வைத்துக் கட்டினார்கள். தம்பி கயிற்றை இழுத்துப் பார்த்தபோது ஒரு கம்பி விரலைக் கிழித்தது. அவள் கைக்குட்டையைச் சுற்றிக் கட்டினாள். இந்தத் தடவை, "பாத்து வைக்கத் தெரியாதா கையை?" என்று திட்டிக்கொண்டே கட்டினாள்.

மீதி வழியில் அவன் என்ன தெரிகிறது என்று கேட்கவில்லை, அவளாகவும் சொல்லவில்லை. மதியம் ஒரு மரத்தடியில் பிஸ்கட்டும் டீயுமாக உட்கார்ந்தபோது, "எனக்குப் பயமா இருக்குக்கா" என்றான். அவள், "எனக்கும்தான்" என்றாள். டீ ஆறிப்போயிருந்தது, இருந்தாலும் குடித்தார்கள்.

வீடு வந்து சேர்ந்தபோது தெருவே வந்து சைக்கிள்களை இறக்க உதவியது. கொல்லையில் தார்ப்பாய் கட்டி அதன் கீழே வரிசையாக நிறுத்தினார்கள். வீட்டின் சுவரெல்லாம் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். ஆனால் அவள் இடையில் அலமாரியை நகர்த்தியிருந்தாள். முதல் வாரம் தினமும் அதில் இடித்துக்கொண்டான். அதைப் பழைய இடத்துக்கே தள்ளி வைக்கிறேன் என்றாள். வேண்டாம், இடித்து இடித்துப் பழகிக்கொள்கிறேன் என்றான்.

அவள் பயந்தபடியே வாடகைக்கு யாரும் வரவில்லை. அதை அவளே ஒரு நாள் அவனிடம் நேராகச் சொன்னாள். "இங்க இது ஓடாதுடா." அவன் கொஞ்ச நேரம் விரலை மடக்கிக்கொண்டிருந்துவிட்டு, "சரி, பஞ்சர் பாப்பேன்ல?" என்றான். பார்த்தான். டியூபைக் கன்னத்தருகே வைத்துத் திருப்புவான், காற்று எங்கே கசிந்து தோலில் படுகிறதோ அங்கே விரலை வைத்துவிடுவான். விடுமுறை நாட்களில் தெருப் பிள்ளைகளுக்குச் சைக்கிளைச் சும்மாவே கொடுத்தான். கொல்லைக் கதவருகே உட்கார்ந்து, எது எங்கே போகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிக்கொண்டிருப்பான். ஒரு வருஷம் அப்படி நன்றாகத்தான் போயிற்று. இரண்டு பேருக்கும் வாரம் ஒரு தடவையாவது சண்டை வந்தது. மாத்திரைக்கு, இனிப்புக்கு, ரேடியோ சத்தத்துக்கு. எதிர்வீட்டுக்காரி அவர்கள் சண்டையைக் கேட்டுத்தான் மணி பார்ப்பதாகச் சொல்வாள்.

பிறகு ஒரு பெடல் அவன் கால் விரலைக் கிழித்தது. சின்னக் காயம். ஆறவே இல்லை. முதலில் விரல்களை எடுத்தார்கள், அப்புறம் பாதத்தை. அதற்குப் பிறகு சிறுநீரகம். வாரத்துக்கு இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். அதே வேனில் பிள்ளைகளை இறக்கிவிட்டு அவனை ஏற்றிக்கொள்வாள். முன் சீட்டில் உட்கார்ந்ததும் சீட்டுக்கடியில் கையை விட்டு, பிள்ளைகள் விட்டுப்போன ரப்பர், பென்சில், பாதி தின்ற மிட்டாய் எல்லாம் எடுத்து அவள் மடியில் வைப்பான்.

கடைசியாக ஒரு தடவை ஆஸ்பத்திரியிலேயே தங்க வைத்துக்கொண்டார்கள். அவள் இரவெல்லாம் கூட இருந்துவிட்டு, காலையில் பள்ளிக்கூட நேரத்துக்கு வந்துவிட்டாள். "பிள்ளைங்க நிக்கும், நீ போ" என்று அனுப்பியவனும் அவன்தான். வண்டி ஓட்டும்போது அவள் போனை எடுப்பதில்லை. அன்றைக்கு வேன் நிறையப் பிள்ளைகள் இருக்கும்போது பைக்குள் போன் அடித்தது. அடித்து நின்றது. மறுபடி அடித்தது. என்னவென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் நிறுத்தினாள், ஒவ்வொரு பிள்ளையையும் ஏற்றினாள், ஒரு பிள்ளையின் அவிழ்ந்த ஷூ லேசையும் குனிந்து கட்டிவிட்டாள். பள்ளிக்கூட வாசலில் கடைசிப் பிள்ளையும் இறங்கி உள்ளே போன பிறகுதான் எஞ்சினை அணைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

போனில் பேசிய நர்ஸ், "நீங்க அப்பவே எடுத்திருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காதும்மா, தூக்கத்திலேயே போயிட்டாரு" என்றாள். வேன்காரக்கா, "சரிம்மா, வரேன்" என்றாள். பள்ளிக்கூடக் காவலாளி வந்து கண்ணாடியைத் தட்டும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

சைக்கிள்களை என்ன செய்வது என்று எல்லோரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அவள் யாரையும் கேட்கவில்லை. எந்தப் பிள்ளை எதை ஓட்டிப் பழகியதோ அதை அந்தப் பிள்ளை வீட்டுக்கே அனுப்பினாள். மிச்சம் இருந்தவை ஒரு மாணவர் விடுதிக்குப் போயின. பெரியவரை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். ஆனால் காலையில் கொல்லைக் கதவைத் திறந்ததும் அது ஒன்று மட்டும் தனியாக நிற்பதைப் பார்க்க முடியவில்லை. அதையும் கொடுத்துவிட்டாள். பிளந்து கிடந்த தம்பதியை யாரும் கேட்கவில்லை. பழைய இரும்பு வாங்குகிறவர் தராசைத் தூக்கியபோது, "எடை போட வேண்டாம், சும்மா எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்கப்புறமும் பல வருஷம் வேன் ஓட்டினாள். முழங்கால் கிளட்சை மிதிக்க மறுத்தபோது வேனைக் கொடுத்துவிட்டாள். இப்போது தம்பி இருந்த பின்னறையை ஒரு கணவன் மனைவிக்கு வாடகைக்கு விட்டிருக்கிறாள். இரண்டு பேருக்கும் ஆஸ்பத்திரியில் வேலை, ஷிப்ட் மாறி மாறி வரும். ஒருவர் வரும்போது மற்றவர் கிளம்புவார். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் துண்டை ஈரமாக விட்டதற்கும் பாலைப் பொங்க விட்டதற்கும் சுவர் அதிரச் சண்டை போட்டுக்கொள்வார்கள். "தொந்தரவா இருந்தா சொல்லிடுங்கம்மா" என்று அந்தப் பெண் ஒரு நாள் கூச்சத்தோடு வந்து கேட்டாள்.

"ஒரு தொந்தரவும் இல்ல" என்றாள் வேன்காரக்கா. "நல்லா சத்தமா போடுங்க."